விமான ஜன்னலிலிருந்து பாலைவனமும் உப்பு ஏரியும்: லென்ஸைப் பார்க்கும் முன் இருக்கையைப் பாருங்கள்

வணக்கம். நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஜனவரியில் அம்மாவை உம்ராவுக்கு அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஜெத்தாவுக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் விமானத்தில் போகிறீர்கள். பிப்ரவரியில் அலுவலக வேலையாக ஜெய்ப்பூர். போன வருடம் ஜன்னலிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் நீலமும் சாம்பலும் கலந்து வெளிறிப் போயின. இந்த முறை பாலைவன மணல்மேடுகளும் ஜெய்ப்பூர் பக்கத்துச் சாம்பர் உப்பு ஏரியின் இளஞ்சிவப்பும் ஒழுங்காக வர வேண்டும். அதற்கு எந்த லென்ஸ் வாங்கலாம், லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி லென்ஸைப் பற்றி இருந்தாலும், கண்ணுக்குத் தெரிந்தது ஏன் படத்தில் வரவில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் லென்ஸில் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது. எந்த நேரத்து விமானம், எந்தப் பக்க ஜன்னல், இறக்கைக்கு முன்னாலா பின்னாலா என்ற மூன்றும் டிக்கெட் போடும்போதே பாதிப் படத்தை முடிவு செய்துவிடும். நான் படித்தது தொலையுணர்வு. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நிலத்தை இனம் காண்பது தொழில். வேலைக்காக வளைகுடா நாடுகளுக்கும் ராஜஸ்தானுக்கும் பல வருடங்களாகப் பறந்து வருவதால் ஜன்னல் இருக்கையும் ஓரளவு பழக்கம்.

முதலில் அந்த நீல மங்கல். காற்றில் உள்ள மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. உங்களுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் காற்று முழுவதும் இப்படி ஒளிர்ந்து, தரையிலிருந்து வரும் உண்மையான நிறத்தின் மேல் ஒரு நீலப் பூச்சாகப் படிகிறது. இதோடு தூசி, புகை, ஈரம் சேர்ந்தால் பூச்சு வெண்மையாகிறது. இதில் நம் கையில் இருப்பது பார்வைக் கோணம் ஒன்றுதான். நேர் கீழே பார்த்தால் காற்றின் தடிமன் எவ்வளவோ, அடிவானத்திலிருந்து 30 பாகை மட்டும் கீழே பார்த்தால் அது இரண்டு மடங்கு. 15 பாகை என்றால் கிட்டத்தட்ட நாலு மடங்கு. புழுதியும் புகையும் பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்தான் படிந்திருக்கும், அதனால் உயரத்தில் பறப்பது ஒரு பிரச்சினையே அல்ல. சாய்வாகப் பார்ப்பதுதான் பிரச்சினை. பொதுவாக எல்லோரும் இருக்கையில் சாய்ந்தபடி அடிவானத்தையும் சேர்த்து எடுக்கிறார்கள். அதில் மேல் பாதி எப்போதும் வெளிறித்தான் இருக்கும். ஜன்னலை ஒட்டி நெருங்கி உட்கார்ந்து, இறக்கை மறைக்காத அளவுக்கு முடிந்தவரை கீழ்நோக்கிப் பாருங்கள். விமானம் உங்கள் பக்கமாகச் சாய்ந்து திரும்பும் சில விநாடிகள் கிடைத்தால் அவை பொன்னானவை; அப்போது தரை கிட்டத்தட்ட நேர் எதிரே வந்துவிடும்.

அடுத்து சூரியன். ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே தாழ்வாகவே போகும். நீங்கள் மேற்கு வடமேற்காகப் பறக்கிறீர்கள். ஆகவே பயணத்தின் பெரும்பகுதி இடப்பக்க ஜன்னல்களில் வெயில் அடிக்கும், வலப்பக்கம் நிழலில் இருக்கும். வெயில் விழும் ஜன்னலில் அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் ஒளிரும். மங்கலும் சூரியன் இருக்கும் திசையில்தான் அதிகம். நிறமும் தெளிவும் வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்காருங்கள். ‘ஏ’ இருக்கை இடக்கோடி ஜன்னல். வலக்கோடிக்கு என்ன எழுத்து என்பது விமானத்துக்கு விமானம் மாறும், இருக்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவும் ஜன்னல் கேட்டால் ஒரே பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு ஜன்னல் இருக்கைகள் எடுத்துவிடுங்கள். நடு இருக்கையிலிருந்து அவர் தோளுக்கு மேலாக எடுத்தால் கீழ்நோக்கிய கோணம் கிடைக்கவே கிடைக்காது.

இடப்பக்கத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஈரமான உப்புப் படுகையும் ஆழமில்லாத ஏரியும் வெயில் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்க்கும்போது ஒரு கணம் உலோகத் தகடு போல மின்னும். நிறம் இருக்காது, ஆனால் நீர் எங்கே நிற்கிறது, ஓடைகள் எப்படிக் கிளைக்கின்றன என்பதெல்லாம் வரைந்து வைத்ததாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே வெயில் பக்கம் உட்காருவார்கள். நீங்கள் கேட்டது நிறம் என்பதால் வலப்பக்கம் என்கிறேன்.

மணல்மேட்டுக்கும் உப்பு ஏரிக்கும் வேண்டிய வெளிச்சம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மணல்மேட்டில் நிறம் ஒன்றுதான். அதன் வடிவத்தைக் காட்டுவது நிழல். காற்றுக்கு மறைவான பக்கத்தில் மணல் சரிந்து நிற்கும் கோணம் ஏறத்தாழ 33 பாகை. சூரியன் அதைவிடத் தாழ்ந்து எதிர்ப்பக்கத்தில் இருந்தால்தான் அந்தச் சரிவு முழு நிழலில் விழும். அதற்கு மேலே ஏறிவிட்டால் ஒரு பக்கம் கொஞ்சம் வெளிச்சம், மறு பக்கம் கொஞ்சம் மங்கல் என்ற வேறுபாடு மட்டும் மிஞ்சும். கோடையில் நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடுவதால் பெரிய மணற்குன்றுகூடத் தட்டையான பழுப்புத் துணியாகிவிடும். உப்பு ஏரிக்கோ உயரமான சூரியன் வேண்டும். ஒளி நீருக்குள் இறங்கி அடியிலிருந்து திரும்பி வந்தால்தான் உப்பு நீரின் நிறம் தெரியும். தாழ்ந்த வெயிலில் ஏரி வானத்தைத்தான் காட்டும். ஆகவே ஒரே பயணத்தில் இரண்டையும் சிறப்பாக எடுப்பது அபூர்வம்.

உங்கள் ஜெத்தா விமானத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். சென்னையில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தென்னிந்தியா, பிறகு அரபிக்கடல். நேர்க்கோட்டுப் பாதையில் போனால் ஓமானின் கரையைத் துக்ம் பக்கத்தில் தொட்டு, சரளைக்கல் சமவெளி ஒன்றைத் தாண்டி, ரூப் அல் காலி பாலைவனத்துக்குள் நுழைவீர்கள். அப்போது நம் நேரம் சுமார் ஒரு மணி, சவூதி நேரம் பத்தரை. அந்த அட்சரேகையில் ஜனவரிச் சூரியன் நடுப்பகலில்கூட 50 பாகை அளவில்தான் நிற்கும். நீங்கள் அங்கே இருக்கும்போது 45 பாகை அளவில், தென்கிழக்கும் தெற்கும் சேரும் திசையில் இருக்கும். கறுத்த நிழல் கிடைக்காது. ஆனால் வடிவம் தெரியும் அளவுக்கு வேறுபாடு உண்டு. காலை ஆறு மணி விமானம் ஏதாவது இருந்தால் அது இன்னும் நல்லது. அந்த மாதத்தில் அங்கே ஏறத்தாழ ஒன்பது, ஒன்பதேகால் வரை சூரியன் 33 பாகைக்குக் கீழேதான்.

ரூப் அல் காலி சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. அதன் மேற்குப் பகுதியில் மணல்மேடுகள் வடகிழக்கு தென்மேற்காக, ஒன்றுக்கொன்று இணையாக, நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீளும். தென்கிழக்கிலிருந்து வரும் வெயில் அவற்றைக் குறுக்கே வெட்டுவதால் உங்கள் நேரம் இந்த மேடுகளுக்குப் பொருத்தமானது. வலப்பக்கம் உட்கார்ந்து தூரமாகப் பார்த்தால் ஒளி விழும் பக்கம் மட்டுமே தெரியும். அங்கேயும் கீழ்நோக்கிப் பார்த்தால்தான் இரண்டு சரிவும் சேர்ந்து தெரியும். மேடுகளுக்கு நடுவே வெண்மையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது சப்கா எனப்படும் உப்புப் படுகை. நிலத்தடி நீர் மேலேறி ஆவியாகி உப்பை விட்டுப்போவதால் உண்டாவது. செம்பழுப்பு மணலும் வெள்ளைச் சப்காவும் ஒரே சட்டத்தில் வந்தால் அதைவிட நல்ல படம் இந்தப் பாதையில் இல்லை என்பது என் எண்ணம். விமானம் நேர்க்கோட்டைவிட நன்றாக வடக்கே தள்ளிப் போனால் ஓமான் எல்லையில் உம் அஸ் ஸமீம் என்ற பெரிய உப்புச் சதுப்பும் கிடைக்கக்கூடும். மணல் முடிந்த பிறகு வாதி அத் தவாஸிர் பக்கம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்தில் பச்சை வட்டங்கள் வரும். நடுவில் ஒரு குழாயை ஊன்றி, நீளமான கையைச் சுற்றவிட்டு நீர் பாய்ச்சும் வயல்கள் அவை. நேர்ப்பாதையில் இவை இடப்பக்கம் தள்ளித்தான் இருக்கும். கடைசியில் தாயிஃபுக்குக் கிழக்கே கறுப்பு எரிமலைக் குழம்பு உறைந்த ஹர்ரா நிலங்கள்.

இவற்றில் நிலத்தைப் பற்றிச் சொன்னது உறுதி. பாதையைப் பற்றிச் சொன்னது உறுதி அல்ல. காற்று, வான் நெரிசல், அரசியல் என எல்லாவற்றையும் பார்த்துத்தான் அன்றைய பாதை முடிவாகும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டில்லியிலிருந்து வளைகுடா போகும் விமானங்கள் குஜராத் வழியாகச் சுற்ற ஆரம்பித்தன; அதுவரை அந்த வழியில் கண்ணில் படாத கட்ச் வளைகுடாவின் உப்பளங்கள் பலருக்கும் ஜன்னலில் தெரிந்தன. பயணத்துக்கு முந்தைய நாலைந்து நாட்களில் அதே எண் விமானம் எந்த வழியில் போனது என்று ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் பார்த்துவிடுங்கள். அடுத்த நாளும் அதே பாதை என்று உத்தரவாதம் இல்லை என்றாலும், வலமா இடமா என்ற முடிவுக்கு அது போதும். புழுதியும் அப்படித்தான். குளிர்காலத்தில் அரேபியப் பாலைவனக் காற்று கோடையைவிடத் தெளிவாக இருக்கும்; ஷமால் காற்று புழுதியைக் கிளப்பும் ஜூன், ஜூலைதான் மோசமான காலம். ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளுக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஜனவரி என்பதால் இன்னொன்று: போகிப் பண்டிகை காலையில் டிக்கெட் போடாதீர்கள். 2018-இல் போகிப் புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் ரத்தாகின, திசைதிருப்பப்பட்டன.

வரிசையைப் பொறுத்தவரை இறக்கைக்கு முன்னால்தான் இடம். காரணம் இறக்கை மறைப்பது மட்டுமல்ல. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான காற்று இறக்கைக்குப் பின்னால் நீளமாக ஓடுகிறது. அதன் ஊடாக எடுத்தால் தரை நெளிந்து கூர்மை போய்விடும். எந்த லென்ஸாலும் இதைத் திருத்த முடியாது. ஏ320 ரக விமானத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 வரையான வரிசைகள் இறக்கைக்கு மேல் வரும். முன்னால் கிடைக்கவில்லை என்றால் கடைசி வரிசைகளில் உட்கார்ந்து, முன்புறம் பார்க்காமல் நேர் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் எடுங்கள். சில வரிசைகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருக்கும், இருக்கை வரைபடத்தை ஒருமுறை சரிபாருங்கள். 787 ரக விமானம் என்றால் ஜன்னலுக்கு மூடி இல்லை, பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே நீலமாக இருளும். அதை முழுத் தெளிவுக்குக் கொண்டுவந்து ஓரிரு நிமிடம் பொறுத்து எடுங்கள். அப்போதும் லேசாக ஒரு சாயல் இருக்கும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது போலரைசர். வேண்டாம். பொதுவாகத் தரையில் மங்கலைக் குறைக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் விமான ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். வெளித் தகடு இழுத்து வலுவூட்டப்பட்டது; பறக்கும்போது கேபின் அழுத்தத்தையும் தாங்கி நிற்கிறது. இப்படி இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் போலரைசர் வழியாகப் பார்த்தால் வானவில் பட்டைகளும் திட்டுகளும் தெரியும். பொறியாளர்கள் பிளாஸ்டிக்கில் இறுக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதே வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். யூவி ஃபில்டரும் தேவையில்லை. டிஜிட்டல் சென்சார் புற ஊதாவைப் பெரிதாக உணர்வதே இல்லை, அது இன்னொரு பிரதிபலிக்கும் பரப்பாக மட்டும் நிற்கும். இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஜன்னலில் மூன்று தகடுகள் இருக்கும். நடுத்தகட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளையைப் பார்க்கலாம். அழுத்தத்தைச் சமன்படுத்தவும் ஈரத்தை வெளியேற்றவும் வைத்தது. நீண்ட பயணத்தில் உறைபனிப் படிகங்கள் பெரும்பாலும் அந்தத் துளையைச் சுற்றித்தான் உருவாகும். அதைத் தவிர்த்து வேறு பகுதி வழியாக எடுங்கள். உள்தகட்டில் முந்தைய பயணியின் நெற்றி எண்ணெய் கட்டாயம் இருக்கும். ஏறியவுடன் மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். லென்ஸை ஜன்னலுக்கு மிக அருகில் வையுங்கள், ஆனால் ஒட்டாதீர்கள். சுவரில் கையை ஊன்றினாலும் விமானத்தின் அதிர்வு அப்படியே கேமராவுக்குப் போகும். உடம்பு இருக்கையில் சாய்ந்திருக்க, கை மட்டும் காற்றில் இருப்பது நல்லது.

பிரதிபலிப்பு விஷயத்தில் உங்கள் பயணத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பலரும் செய்வதுபோல நீங்களும் சென்னையிலேயே இஹ்ராம் என்ற யாத்திரை உடையை உடுத்தி ஏறினால், அந்த வெள்ளைத் துணி அக்ரிலிக்கில் பளிச்சென்று தெரியும். பொதுவாக நான் சொல்லும் வழி, கறுப்புத் துணி ஒன்றைத் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்வது. இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக்கூடாது என்பதால் உங்களுக்கு அது ஒத்துவராது. அதற்குப் பதிலாக லென்ஸைச் சுற்றி மட்டும் கறுப்புத் துணியைக் கட்டி ஜன்னல் வரை விரித்துவிடுங்கள், அல்லது மடங்கும் ரப்பர் ஹூட் ஒன்று வாங்குங்கள். லென்ஸுக்குச் செலவு செய்ய நினைத்த பணத்தில் அது மிகச் சிறு பகுதிதான், இதில் பயன் அதிகம். தலைக்கு மேலுள்ள விளக்கை அணைத்துவிடுங்கள். இஹ்ராம் நிலைக்குள் நுழைந்துவிட வேண்டிய எல்லையான மீகாத் நெருங்குவதாக அறிவிப்பு வரும் நேரமும் ஹர்ரா நிலங்கள் வரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. அப்போது கேமராவா, அம்மாவோடு சேர்ந்து நிய்யத்தா (உம்ராவுக்கான எண்ணத்தை மனதில் உறுதி செய்வதா) என்பதில் உங்களுக்கே சந்தேகம் இருக்காது. நான் அந்த நிலங்களைக் கணக்கில் சேர்க்காமலே திட்டமிட்டிருக்கிறேன்.

விமானம் இவ்வளவு வேகமாகப் போகிறதே, படம் நகர்ந்துவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானம் விநாடிக்கு 250 மீட்டர் போகிறது என்றால் 1/500 விநாடியில் அரை மீட்டர். 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு நேர் கீழே எடுத்தால், ஒரு பிக்சல் தரையில் சுமார் 1.3 மீட்டர். அரை பிக்சல்கூட நகரவில்லை. ஆகவே வேகம் பிரச்சினை இல்லை. அதிர்வும் உங்கள் கையும்தான் படத்தைக் கலைக்கும், அவற்றுக்காக 1/1000 வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200 அளவிலேயே அது கிடைக்கும். அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4 முதல் 5.6. எஃப் 11, 16 என்று மூடினால் ஜன்னலின் கீறல்களும் தூசியும் கூர்மையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஃபோகஸ் ஜன்னல் கீறலைப் பிடித்துக்கொள்வதுண்டு. தூரத்தில் நல்ல வேறுபாடுள்ள ஒரு விளிம்பில் ஒருமுறை ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். லென்ஸ் விஷயத்தில், உங்களிடம் இருக்கும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸே போதும். 200 மில்லிமீட்டர் போன்ற நீண்ட லென்ஸ்கள் அக்ரிலிக்கின் கோணலைத்தான் பெரிதாக்கும், அதோடு சாய்ந்த பார்வைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே வாங்க வேண்டாம்.

வெளிச்ச அளவில் உப்பு கேமராவை ஏமாற்றும். சட்டம் முழுவதும் வெள்ளை உப்பு நிறைந்திருந்தால் மீட்டர் அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் வரை (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் வரை) கூட்ட வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் மட்டும் உப்பு இருந்து மற்றது இருண்ட நிலமாக இருந்தால் நேர் எதிராக உப்பு எரிந்துபோகும், குறைக்க வேண்டும். எந்த எண்ணையும் மனப்பாடம் செய்யாமல் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது விளிம்பைப் பாருங்கள், உப்பு அந்த விளிம்பைத் தொடாமல் அருகில் நிற்க வேண்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். போனில் எடுப்பதானால் முதன்மைக் கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள், அகலக் கோணக் கேமரா ஜன்னல் சட்டத்தையும் பிரதிபலிப்பையும் இழுத்துக்கொள்ளும். உப்பின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுத்தால் நன்றாகவே வரும். சிறிய லென்ஸ் என்பதால் ஜன்னலோடு இடைவெளி இல்லாமல் மறைக்கவும் எளிது.

இனி சாம்பர். இந்தியாவின் மிகப்பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் மேற்கே, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளம். 1990-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குறுக்கே ஐந்து கிலோமீட்டர் அளவில் ஒரு கல் அணை ஏரியை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே இயற்கையான ஏரி. கிழக்கே உப்புப் பாத்திகள். நீங்கள் தேடும் நிறம் பெரும்பாலும் இந்தப் பாத்திகளில்தான். உப்பின் செறிவு ஏற ஏற அதில் வாழும் உயிர்கள் மாறுகின்றன. செறிவு குறைந்த பாத்தி பச்சையாக இருக்கும். செறிவு கூடும்போது துனலியெல்லா சலினா என்ற பாசி வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள பீட்டா கரோட்டினைச் சேர்க்கிறது. உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களின் சிவப்பு நிறமியும் சேர, பாத்தி இளஞ்சிவப்பாகிறது. கடைசியில் உப்பு படிந்து வெள்ளை. அணையின் ஒரு பக்கம் சாம்பல் நீலம், மறுபக்கம் பச்சை, செம்மை, வெள்ளைக் கட்டங்கள் என்று ஒரே படத்தில் எடுக்க முடிந்தால் அந்த ஏரியின் கதை முழுவதும் அதில் இருக்கும்.

ஆனால் சென்னையிலிருந்து வரும் விமானம் தெற்கிலிருந்து வருவதால் ஏரி இடப்பக்கம், ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். இறங்கும் உயரத்தில் அவ்வளவு தூரம் என்றால் பார்வை மிகவும் சாய்ந்துவிடும். ஒரு வாய்ப்பு உண்டு. ஜெய்ப்பூரின் ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்தது. அன்று மேற்கிலிருந்து இறங்கினால் விமானம் ஏரிப் பக்கம் நெருங்கித் திரும்பும். அது காற்றைப் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. காலை அல்லது முற்பகல் விமானத்தில் ‘ஏ’ இருக்கை எடுங்கள், சூரியன் வலப்பக்கம் இருக்கும். விடியற்காலை விமானம் மட்டும் வேண்டாம். பிப்ரவரியிலும் காலையில் மூடுபனி தங்கும், ஏரிக்கும் உயர்ந்த சூரியன்தான் நல்லது. ஏரியில் அப்போது நீர் இருக்கிறதா, பாத்திகளில் நிறம் இருக்கிறதா என்று முன்னாடியே பார்க்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரையில் 10 மீட்டர் நுணுக்கம். சில நாட்களுக்கு ஒருமுறை புதிய படம் வரும். அதில் வறண்டு வெளிறித் தெரிந்தால் ஆசையைக் குறைத்துக்கொண்டு போகலாம். தார் பாலைவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மேடுகள் பெரும்பாலும் புதரும் மரமும் வயலும் கலந்தவை, மேலிருந்து புள்ளி வைத்த பழுப்பாகத் தெரியும். ரூப் அல் காலியைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு அங்கே போனால் ஏமாற்றம்தான்.

பயணிகள் விமானத்துக்குள்ளிருந்து படம் எடுக்கலாம் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2020-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் ஜோத்பூர், ஜெய்சல்மேர், புஜ், ஜாம்நகர் போன்றவை விமானப்படைத் தளங்கள். அங்கே தரையிலும், ஏறி இறங்கும்போதும் கேமராவை எடுக்காதீர்கள். 2025 மே மாதம் மேற்கு எல்லைப் பக்கத்துப் பாதுகாப்புத் தளங்களில் 10,000 அடிக்குக் கீழே ஜன்னல் மூடியையே இறக்கி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இப்படிப்பட்ட விதிகள் அடிக்கடி மாறும். பணிக்குழு அன்று என்ன சொல்கிறதோ அதுதான் விதி. ஜெய்ப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது குறைவு. முதலில் படத்தைத் திருத்தும் செயலியில் கறுப்புப் புள்ளியை உள்ளே இழுங்கள். மங்கல் என்பது படத்தின் இருண்ட பகுதிகளில் சேர்ந்த கூடுதல் வெளிச்சம், அதைக் கழித்தாலே பாதி சரியாகிவிடும். அப்புறம் நிழல் பகுதியில் மட்டும் நீலத்தைக் குறையுங்கள். மங்கலைக் குறைக்கும் டீஹேஸ் கருவியைக் கொஞ்சமாகத் தொடுங்கள். நிறச் செறிவை ஏற்றுவதில் மட்டும் கை அடக்கம் வேண்டும். இணையத்தில் சுற்றும் பல உப்பு ஏரிப் படங்களில் இளஞ்சிவப்பு ரோஸ்மில்க் நிறத்துக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உண்மையான உப்பு ஏரி வெளிறியதாகப் படுவது எனக்கு வருத்தம். சந்தேகம் வந்தால் அதே வாரத்துச் செயற்கைக்கோள் படத்தை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயணத்துக்கு முன்னால் பழகிக்கொள்ள வேண்டுமென்றால் வெளியூர் தேவையில்லை. சென்னை தூத்துக்குடி வழியில் விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானம் கிடைத்தால் அது அருமையான பயிற்சி. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரை மறையாது, உயரமும் பெரிய விமானங்களைவிடக் குறைவு. சுழலும் விசிறிக்கு நேரே உள்ள வரிசைகளை மட்டும் தவிருங்கள். போகும்போது இடப்பக்கம் மரக்காணம் உப்பளங்கள், இறங்கும்போது தூத்துக்குடியின் பாத்திகள், திருச்செந்தூர் பக்கம் சிவந்த தேரி மணல். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில்தான் உப்பு வேலை மறுபடி தொடங்கும் என்பதால் நிறங்களுக்கு ஏப்ரலுக்குப் பிறகு போவது நல்லது. ஜனவரிப் பயணத்துக்கு முன் அவகாசம் இல்லை என்றால் கோவளம் போகும் வழியில் கேளம்பாக்கம் உப்பளத்தின் ஓரத்தில் நின்று, வெள்ளைப் பரப்புக்கு வெளிச்சம் எப்படி வைப்பது என்பதை மட்டுமாவது பழகிவிடுங்கள்.

எடுத்த இடத்தை அறிய, போனை ஏரோபிளேன் நிலையில் வைத்துக்கொண்டே ஜிபிஎஸ் பதிவுச் செயலி ஒன்றை ஓடவிடுங்கள். ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டுமே செய்யும், அனுப்பாது. ஜன்னலோரம் வைத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கேமராக் கடிகாரத்தைக் கிளம்பும் முன் போனோடு விநாடி சுத்தமாகப் பொருத்திவிட்டு, ஜெத்தா போய்ச் சேர்ந்தாலும் சவூதி நேரத்துக்கு மாற்றாமல் விட்டுவிடுங்கள். அப்போதுதான் வந்த பிறகு ஒவ்வொரு படத்தையும் வரைபடத்தில் பொருத்த முடியும்.